ஆச்சியை மியூட் பண்ணாதீங்க!

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறமா பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு புண்ணியவான். பொட்டி தட்டுற வேலை. பத்து மாசப் பாப்பாவைப் பாத்துக்க ஊர்லேருந்து வந்த அம்மாகிட்ட, "நீ தமிழ்ல பேசினா பாப்பா குழம்பிடும்மா, சும்மா தூக்கி மட்டும் வெச்சுக்கோ"ன்னு சொன்னான். ஆச்சி வாயை மூடிக்கிட்டாங்க. அவங்க இடத்துக்கு செல்போன்ல இங்கிலீஷ் ரைம்ஸ் வந்துச்சு.

அந்தப் புண்ணியவான் வேற யாருமில்ல, நானேதான் :-(

ரெண்டு மொழி கேட்டா குழந்தை குழம்பிடும்னு எவன் கிளப்பி விட்டான்? ரெண்டு மொழியிலயும் தெரிஞ்ச சொற்களைச் சேத்து எண்ணினா, ஒரே மொழி கேட்டு வளர்ற குழந்தைக்குச் சமமாத்தான் வருது. இங்கிலீஷை மட்டும் எண்ணிட்டு "கம்மியா இருக்கே"ன்னு அலறினா, பக் குழந்தைகிட்ட இல்ல, எண்ணின ஆள்கிட்ட!

அடுத்து அந்த ரைம்ஸ். 2003ல பேட்ரீசியா குல் குழு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைகளோட 12 தடவை சீன மொழியில நேர்ல விளையாடிப் பேசினாங்க. அந்த மொழியோட ஒலி வித்தியாசம் அதுங்களுக்குப் பிடிபட்டுடுச்சு. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனா வீடியோவுல பாத்த குழந்தைகளுக்கு? ஒண்ணுமே ஏறல.

காரணம் ரொம்ப சிம்பிள்னு நினைக்கிறேன். பாப்பா "ங்கா"ன்னா ஆச்சி நிறுத்தி, "அப்படியா? அப்புறம் என்னாச்சு?"ன்னு கேப்பாங்க. போன் அது பாட்டுக்குப் பாடிட்டே போகும்.

இன்னொண்ணு. 1984ல வெர்க்கரும் டீஸும் வெளியிட்ட ஆய்வுல, இங்கிலீஷ் மட்டும் கேட்டு வளர்ற குழந்தைகள்ல பெரும்பாலானது 6-8 மாசத்துல இந்தியோட ட, த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சுது. 10-12 மாசத்துல அந்தத் திறமை பெரும்பாலும் போயிடுச்சு. கரெக்டா அந்த வயசுலதான் நாம ஆச்சிக்கு வாய்ப்பூட்டு போடுறோம். அப்புறம் பத்து வயசுல "புள்ளைக்கு ழ வரல"ன்னு புலம்பல் வேற!

நேத்து அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "போடா கிறுக்குப் பயலே"ன்னாங்க. தமிழ்லதான். பாப்பா சிரிச்சுது.

டிஸ்கி: பேச்சு வர நிஜமாவே தாமதமானா மொழி மேல பழி போட்டுட்டு உக்காராதீங்க. டாக்டர்கிட்ட போய் முதல்ல காது கேக்குதான்னு சோதிச்சுப் பாருங்க.