கணினி ‘இல்லை’ என்று சொன்னாலும் அது அறிவியல்தான்!

2023 ஜூலையில், அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் கிடைத்துவிட்டதாகத் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் அறிவித்தார்கள். எல்கே-99 என்ற அந்தப் பொருள் சமூக வலைதளங்களைக் கலக்கியது. சில வாரங்களில் மற்ற ஆய்வகங்கள் சோதித்து, ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்றன. பரபரப்பு அடங்கிப்போச்சு. ஆனால், இதே துறையில் சத்தமில்லாமல் நடக்கும் கணினி ஆய்வுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மின்தடையே இல்லாத பொருள் மீகடத்தி. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தச் சுருள் அப்படிப்பட்டதுதான். அதைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி வரை குளிர்விக்க வேண்டியிருக்கு. 1986-ல் பெட்னோர்ஸும் முல்லரும் செப்பு ஆக்ஸைடு மீகடத்தியைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே மைனஸ் 180 டிகிரியில் இயங்கும் வகை வந்தது.

இதில் புதிர் என்ன? மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து ஓடுகின்றன. சாதாரண உலோகங்களில் அணுக்களின் அதிர்வே அவற்றைச் சேர்த்துவைக்கிறது என்று 1957-லேயே விளக்கியாச்சு. செப்பு ஆக்ஸைடுக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒன்றையொன்று கடுமையாக விரட்டும் எலக்ட்ரான்கள் அங்கே எப்படித்தான் ஜோடி சேருது?

விடை தேட விஞ்ஞானிகள் பயன்படுத்துவது ‘ஹப்பார்ட் மாதிரி’. சதுரங்கப் பலகையில் எலக்ட்ரான்கள் கட்டம் விட்டுக் கட்டம் தாவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 நிலைகள். 16 கட்டங்களுக்கே 429 கோடி சாத்தியங்கள். 36 கட்டங்கள் என்றால் 47-க்குப் பின்னால் 20 பூஜ்யங்கள்! அதனால் தோராய முறைகள்தான் கைகொடுக்கும். தோராயமோ சில நேரம் ஏமாற்றியும்விடும்.

அதனால், 2020-ல் ஒரு பன்னாட்டுக் குழு இரண்டு வெவ்வேறு கணக்கீட்டு முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தது. செப்பு ஆக்ஸைடுக்குப் பொருந்தும் முக்கிய வரம்பில், எளிய ஹப்பார்ட் மாதிரியில் மீகடத்தல் இல்லை என்று முடிவு வந்தது. தோல்வியா? இல்லை. மாதிரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்தது. எலக்ட்ரான்கள் மூலைவிட்டமாகவும் தாவலாம் என்று சேர்த்துக் கணக்கிட்டபோது மீகடத்தல் தென்பட்டது. அந்த முடிவு 2024-ல் வெளியானது.

இத்தகைய பொறுமையான ஆய்வுக்குத்தான் நிதியும் மரியாதையும் வேண்டும். ‘இல்லை’ என்ற முடிவையும் துணிந்து வெளியிடும் ஆய்வாளரை, பரபரப்பு அறிவிப்பு செய்பவரைவிட மேலாக மதிக்க வேண்டும். அடுத்த முறை இப்படியொரு ‘அதிசயப் பொருள்’ செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வேறு வழியிலும் சரிபார்த்தாச்சா?’