கண்காட்சி லவ் பேர்ட்ஸ்: கிடேரி விற்ற பணத்தைப் போடலாமா?

“மூன்று வருடமாக வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். ஒரே கூண்டில் பானைகள் கட்டி, பன்னிரண்டு பறவைகள் இருக்கின்றன. குஞ்சுகளைப் பக்கத்து டவுன் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். இப்போது அவரே, ‘கண்காட்சி ரகம்’ என்று பெரிய தலையுள்ள பறவைகளைக் காட்டி, ஜோடி 12,000 ரூபாய் என்கிறார். அதன் குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் போகுமாம். கிடேரி விற்ற பணம் 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. இரண்டு ஜோடி வாங்கலாமா? கண்காட்சிக்குப் பறவையை எப்படித் தயார் செய்வது?”

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கண்காட்சி ரகம் வளர்ப்பது தவறில்லை. ஆனால், கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் இரண்டு ஜோடியில் போடுவதுதான் ஆபத்து. அதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால், இருக்கிற பன்னிரண்டு பறவைகளை வைத்தே தொழிலைக் கற்றுக்கொள்ளலாம்.

பெயரும் பிறப்பும்

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் சிறு கிளியின் சரியான பெயர் பட்ஜெரிகர். வளர்ப்போர் ‘பட்ஜி’ என்பார்கள். உண்மையான லவ் பேர்ட், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளி. பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள். ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் 1840-ம் ஆண்டு இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே 1925-ம் ஆண்டு வளர்ப்போர் சங்கம் உருவானது. ஒரு நல்ல பறவை எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தை வகுத்து, அதற்கேற்பத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

அதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. காட்டில் உள்ள பட்ஜி சுமார் 18 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 40 கிராம் எடை. கண்காட்சிப் பறவை 21 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். எடை 50 கிராமைத் தாண்டும். அகன்ற தலை, கண்ணை மறைக்கும் அளவுக்கு நெற்றி இறகு, தொண்டையில் ஆறு பெரிய கரும்புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

பட்ஜி வெளிநாட்டுப் பறவை என்பதால் வீட்டில் வளர்க்கத் தடை இல்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதுதான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விலையில் மறைந்திருப்பது என்ன?

முதல் விஷயம், பெரிய பறவைக்கு இனப்பெருக்கத் திறன் குறைவு. நீண்ட, அடர்ந்த இறகுள்ள ஆணும் பெண்ணும் இணையும்போது அந்த இறகே தடையாக இருக்கும். அதனால் அனுபவசாலிகள் ஜோடி சேர்க்கும் முன் ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிடுவார்கள். அப்படியும் பல முட்டைகள் கூமுட்டையாகப் போகும். சில பெட்டைகள் குஞ்சுக்குச் சரியாக இரை ஊட்டாது. இதற்காகவே கண்காட்சி ரகம் வளர்ப்போர், சாதாரண பட்ஜி ஜோடிகளைச் செவிலித்தாயாக வைத்திருப்பார்கள். இரண்டே ஜோடியை வாங்கி, ஒன்று முட்டையிடாமல் போனால் முதலில் பாதி அங்கேயே முடங்கிவிடும்.

இரண்டாவது, வயது. கடையில் குஞ்சு என்று சொல்லிக் கிழட்டுப் பெட்டையைக் கொடுத்துவிட முடியும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ப்பு முடிந்துவிட்டால், நெற்றியில் இருந்த வரிகள் மறைந்துவிடும். அதற்குப் பிறகு வயதை உறுதியாகச் சொல்லக் காலில் உள்ள மூடிய வளையம்தான் சாட்சி. அதில் பிறந்த ஆண்டும் வளர்த்தவரின் குறியீடும் இருக்கும். வளையம் இல்லாத பறவைக்கு வம்ச விவரமும் இல்லை. அதற்குக் கண்காட்சி விலை கொடுக்கக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. பிரிட்டனில் முக்கியப் பிரிவுகளில், போட்டியாளர் தன்னுடைய வளையம் போட்டுத் தானே வளர்த்தெடுத்த பறவையை வைப்பதே நெடுநாள் வழக்கம். அதாவது, விலைக்கு வாங்கிய பறவைக்கு அங்கே பெருமை கிடையாது. அதன் குஞ்சுக்குத்தான் பெருமை. நம் நாட்டில் பெருநகரங்களில் வளர்ப்போர் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்குப் போகும் முன், அந்தச் சங்கத்தின் வளைய விதியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை கொடுப்பவர்களும் அங்கே வரும் வளர்ப்போர்தான். அவர்கள் வளையத்தையும் வம்சத்தையும் பார்த்துத்தான் வாங்குவார்கள். பக்கத்து டவுன் கடையில் அந்த விலை கிடைக்காது.

பானையிலிருந்து தனிக்கூண்டுக்கு

பன்னிரண்டு பறவைகளும் ஒரே கூண்டில் இருந்தால் எந்தக் குஞ்சுக்கு எது தகப்பன் என்று சொல்லவே முடியாது. பெட்டைகள் பானைக்காகச் சண்டை போட்டு முட்டையை உடைப்பதும் உண்டு. எனவே, முதல் செலவு புதுப் பறவைக்கு அல்ல; தனிக்கூண்டுக்கு. ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம் போதும். முதலில் மூன்று கூண்டு செய்தால் போதுமானது.

பானைக்குப் பதிலாக மரப்பெட்டி நல்லது. பெட்டியின் அடிப்பலகையில் கிண்ணம்போல ஒரு குழி செதுக்கி, மேலே கொஞ்சம் மரச்சீவல் போட வேண்டும். முட்டை உருளாது, குஞ்சின் கால் வழுக்கி அகன்றுபோகாது. பெட்டியைத் திறந்து தினமும் பார்க்கவும் முடியும்.

ஆணா, பெண்ணா என்பதை அலகுக்கு மேல் மூக்குத்துளை உள்ள சதையைப் பார்த்துச் சொல்லலாம். வளர்ந்த ஆணுக்கு நீலம். முட்டைக்குத் தயாரான பெண்ணுக்குப் பழுப்பு. முழு மஞ்சள், முழு வெள்ளை போன்ற சில நிறங்களில் ஆணுக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். பத்து மாதம் ஆவதற்கு முன் ஜோடி சேர்க்கக் கூடாது. ஒரு வருடத்தில் இரண்டு ஈடு எடுத்தால் போதும். அதற்கு மேல் விட்டால் பெட்டை இளைத்துப்போகும்; முட்டை அடைத்துச் சாகவும் வாய்ப்பு உண்டு.

ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஒவ்வொரு முட்டையும் பொரிய ஏறத்தாழ 18 நாள்கள். அடையில் ஒரு வாரம் ஆன முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கருக்கட்டிய முட்டையில் சிவப்பு நரம்பு தெரியும். முதல் குஞ்சுக்கும் ஐந்தாவது குஞ்சுக்கும் எட்டு நாள் வித்தியாசம் இருப்பதால், கடைசிக் குஞ்சு மிதிபட்டுச் சாகும். அதே வயதுக் குஞ்சு உள்ள வேறு பெட்டிக்கு அதை மாற்றிவிடலாம். மாற்றியதை நோட்டில் எழுதாவிட்டால் வம்சக் கணக்கு அன்றோடு போய்விடும்.

ஏழாம் நாள் வாக்கில் வளையம் போட வேண்டும். முன்விரல் இரண்டையும் சேர்த்து நுழைத்து, பின்விரல் இரண்டையும் காலோடு ஒட்டி மடக்கி வளையத்தை மேலே தள்ளி, பிறகு பின்விரல்களை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். நாள் தவறினால் வளையம் ஏறாது. குஞ்சுகள் 30 முதல் 35 நாளில் பெட்டியை விட்டு வெளியே வரும். ஆறு வாரத்தில் தானாகத் தின்னும்.

ஜோடி சேர்க்கும் கணக்கு

கண்காட்சிப் பறவை உருவாவது இங்கேதான். ஒரே குறை உள்ள இரண்டு பறவைகளைச் சேர்க்கக் கூடாது. தலை சிறுத்த ஆணுக்கு, தலை அகன்ற பெட்டை. புள்ளி சிறுத்த பெட்டைக்கு, புள்ளி பெருத்த ஆண். கூடப்பிறந்தவற்றைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

இறகில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீண்ட முரட்டு இறகுள்ள இரண்டைச் சேர்த்தால் குஞ்சு இன்னும் பெரிதாகத் தெரியும். ஆசையில் அதையே அடுத்தடுத்த தலைமுறைக்கும் செய்தால் இறகுக் கட்டி, மலட்டுத்தன்மை, பறக்க முடியாமை எல்லாம் சேர்ந்து வரும். கண்காட்சி வம்சங்களில் அபூர்வமாக, இறகு வளர்வது நிற்காத குஞ்சு பிறக்கும். ஒட்டடைத் துடைப்பம் போலாகி, பறக்கவும் பார்க்கவும் முடியாமல் இளம் வயதிலேயே இறந்துவிடும். அப்படி ஒரு குஞ்சு வந்தால் அந்த ஜோடியைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. நீண்ட இறகுப் பறவைக்குக் குட்டையான, உடலோடு படிந்த இறகுள்ள துணையைத் தேடுவதுதான் முறை.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. நீலமும் நீலமும் சேர்ந்தால் பச்சைக் குஞ்சு வராது. பச்சை நிற ஜோடியில் நீலக் குஞ்சு வந்தால், தாய் தகப்பன் இரண்டும் நீலத்தை மறைவாகச் சுமக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு நீலமாக இருக்கும். இந்த விவரமெல்லாம் நோட்டில் ஏறிவிட்டால், அடுத்த வருடம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

தீவனம்

தினை, பனிவரகு விளைகிற ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. உமி நீக்காத சிறுதானியம்தான் பட்ஜியின் முக்கிய இரை. கொஞ்சம் முளைகட்டிக் கொடுத்தால் குஞ்சுள்ள ஜோடிக்கு நல்லது. மருந்து அடிக்காத முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை, துருவிய கேரட், அவித்த முட்டை ஆகியவற்றைச் சிறிதளவு சேர்க்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் கட்டிவிட வேண்டும். வெறும் தானியம் மட்டும் தின்ற பறவையின் இறகில் மினுமினுப்பு வராது.

கூண்டு அடுப்படியில் இருக்கக் கூடாது. விறகுப் புகையும், நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து கிளம்பும் புகையும் பறவையைக் கொன்றுவிடும்.

கண்காட்சிக்கு எட்டு வாரம்

வாலில் உள்ள இரண்டு நீள இறகுகளும் முழுமையாக இருக்க வேண்டும். ஒடிந்திருந்தால் புது இறகு வளர ஏழெட்டு வாரம் ஆகும் என்பதால், பறவையைத் தேர்ந்தெடுப்பதும் அப்போதே தொடங்கிவிட வேண்டும். வால் பிடுங்குவது, தொண்டையில் அதிகமாக உள்ள புள்ளி இறகுகளை எடுத்து ஆறாக ஒழுங்குபடுத்துவது போன்றவற்றை அனுபவசாலி ஒருவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தவறான இறகு போய்விட்டால் அந்த வருடக் கண்காட்சியும் போய்விடும்.

அடுத்து, தினமும் காலையில் சுத்தமான தண்ணீரைப் பூவாளிபோல மெல்லத் தெளித்துவிட வேண்டும். இறகு படிந்து பளபளப்பாகும். வெயில் ஏறும் முன் உலர்ந்துவிட வேண்டும். கண்காட்சிக்குச் சில நாள்கள் முன்பு தெளிப்பதை நிறுத்திவிடலாம். முகத்தில் கறை படியும் என்பதால் கடைசி நாள்களில் பீட்ரூட், கீரை கொடுக்கக் கூடாது.

பழக்குவதும் முக்கியம். கண்காட்சிக் கூண்டு சிறியது. உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு, இரண்டு உட்காரும் குச்சிகள். பறவை அதில் பயப்படாமல், குச்சியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். முதலில் சில நிமிடங்கள், பிறகு ஒரு மணி நேரம் என்று பழக்கி, ஆள்கள் நடமாடும் திண்ணையில் வைத்துப் பார்க்கலாம். எவ்வளவு அழகான பறவையும் கூண்டுக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் நடுவரால் அதைப் பார்க்கவே முடியாது.

நோயில் கவனம்

அலகைச் சுற்றித் தேன்கூடு போல வெண்மையாகப் படிந்தால் அது ஒருவகை உண்ணியால் வருவது. மற்றப் பறவைகளுக்கும் ஒட்டும். ‘ஐவர்மெக்டின்’ என்று கேள்விப்பட்டு, மாட்டுக்கு வைத்திருக்கும் ஊசி மருந்தைப் போட்டுவிடக் கூடாது. மாட்டின் எடை எங்கே, 40 கிராம் பறவை எங்கே? கால்நடை மருத்துவர் நீர்க்கச் செய்து சொட்டுக் கணக்கில் கொடுப்பார்.

பெட்டியை விட்டு வரும் நேரத்தில் சிறகு, வால் இறகுகள் கொட்டிக் குஞ்சு தரையில் ஓடினால் அது பெரும்பாலும் வைரஸ் பாதிப்பு. அந்த ஜோடிக்கு ஓய்வு கொடுத்து, பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் குஞ்சுகளை விற்கவும் கூடாது. புதிதாக வாங்கும் எந்தப் பறவையையும் ஒரு மாதம் தனி அறையில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் தொற்று வரும். கூண்டைக் கூட்டும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொள்வது நல்லது. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பணம்?

இரண்டு ஜோடிக்கு 24,000 ரூபாய் போனால் கூண்டு, பெட்டி, தீவனம், மருந்து எல்லாவற்றுக்கும் மீதி 6,000-தான். ஒரு ஜோடி ஏமாற்றினால் கிடேரியும் இல்லை, கிளியும் இல்லை என்றாகிவிடும். அதற்குப் பதிலாக மூன்று தனிக்கூண்டு, மூன்று பெட்டி, ஒரு நோட்டு ஆகியவற்றோடு ஆரம்பித்து, இருக்கிற பறவைகளில் நல்ல மூன்று ஜோடிகளைப் பிரித்து இரண்டு ஈடு எடுத்துப் பார்க்கலாம். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை சாவு என்பது எழுத்தில் வரட்டும். இதற்கிடையே ஒரு கண்காட்சியை நேரில் பார்த்துவிட்டு, அங்கே வளர்ப்பவரிடமே வளையமுள்ள, ஒரு வயதுக்குட்பட்ட ஆண் ஒன்றை வாங்கி, இங்கே நன்றாக இரை ஊட்டிக் குஞ்சு வளர்த்த பெட்டையோடு சேர்க்கலாம். முதல் தலைமுறை நடுத்தரமாகத்தான் வரும். அதில் சிறந்ததைத் திரும்பவும் நல்ல வம்சத்தோடு சேர்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மூன்று, நான்கு வருட வேலை இது.

கிடேரி விற்ற பணத்தில் பெரும்பகுதி அதுவரை பத்திரமாக இருக்கட்டும். அடுத்த கன்றுக்கும் அது வேண்டியிருக்கும்.