ஓட்டை எண்ணச் சொல்!

"டில்லி சர்க்கார்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் பேச்சு அப்படித்தான். ஆனால் நமது கூலியையும் வேலை நேரத்தையும் தீர்மானிக்கும் சட்டம் அங்கே யார் கையிலிருந்து வருகிறது என்பதைத் தொழிலாளி தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உச்சியில் ஜனாதிபதி. சர்க்கார் அவர் பெயரால் நடக்கிறது, நடத்துகிறவர் அவரல்ல. 1959 ஜூலை 31-ல் கேரளத்தில் நம்பூதிரிபாத் மந்திரி சபையை நீக்கிய உத்தரவில் இருந்தது ஜனாதிபதியின் கையெழுத்து; முடிவு செய்தது மத்திய மந்திரி சபை.

அந்த மந்திரி சபை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? லோக்சபைக்கு என்கிறது அரசியல் சட்டத்தின் 75-வது ஷரத்து. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் 543 பேரின் சபை அது. அங்கே மெஜாரிட்டி போனால் மந்திரி சபையும் போயிற்று. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் மந்திரி சபைக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஓட்டில் கவிழ்ந்தது!

ராஜ்யசபைக்கு மந்திரி சபையைக் கவிழ்க்கும் அதிகாரம் இல்லை. பண மசோதாவையும் 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. மற்ற மசோதாக்களுக்கோ அதன் சம்மதம் வேண்டும். 2020-ல் ஆளும் பா.ஜ.க.வுக்கு அங்கே தனி மெஜாரிட்டி கிடையாது.

அந்த வருஷம் என்ன நடந்தது? பார்லிமெண்ட் கூடாத ஜூன் மாதத்தில் மூன்று விவசாய அவசரச் சட்டங்கள் வந்தன. (அவசரச் சட்டமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. 1969-ல் 14 பாங்குகளைத் தேசியமயமாக்கியதும் அவசரச் சட்டம்தான், வரவேற்றோம்.) செப்டம்பர் 20-ல் இரண்டு விவசாய மசோதாக்கள் ராஜ்யசபைக்கு வந்தன. சர்க்கார் மார்க்கெட்டுக்கு வெளியே கொள்முதல் செய்யவும், ஒப்பந்தச் சாகுபடி நடத்தவும் கம்பெனிகளுக்கு வழிவிட்ட மசோதாக்கள். ஓட்டை எண்ணும்படி எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டால் எண்ண வேண்டும் என்பது சபை விதி. கேட்டவர்கள் தம் இடத்தில் இல்லை என்று காரணம் சொல்லி, குரல் ஓட்டிலேயே நிறைவேற்றிவிட்டார்கள்! மறுநாள் எட்டு உறுப்பினர்கள் சஸ்பெண்ட். அவர்களில் இருவர் மார்க்சிஸ்ட் கட்சியினர். இதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் வெளியேறின. காலியான அந்த ஆசனங்களுக்கு முன்னால்தான் செப்டம்பர் 23-ல் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின.

விவசாயிகள் ஓராண்டு டில்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29-ல் மூன்று விவசாயச் சட்டங்களையும் ரத்து செய்யும் மசோதா நிறைவேறியது. அதையும் விவாதமில்லாமலே முடித்தார்கள். சபையில் பதில் சொல்ல அவ்வளவு அச்சம்!

தொழிலாளர் தொகுப்புகளோ 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் சர்க்காரின் முன் அனுமதி 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே தேவையாயிருந்தது. இனி 300 பேர் இருந்தால்தான் தேவை. 14 நாள் நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம் எந்த ஆலையிலும் சட்ட விரோதம்.

பார்லிமெண்டே முதலாளிகளின் மடம், அங்கே எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எண்ணினால் யார் யார் கை தூக்கினார்கள் என்பது பதிவாகும். குரல் ஓட்டில் எவன் பெயரும் இல்லை. தேர்தலில் நம் வாசலுக்கு வருகிறவனை எதைக் காட்டிக் கேட்பது?

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு உங்கள் தொகுதி லோக்சபை உறுப்பினரைக் கூப்பிடுங்கள். தொழிலாளர் மசோதா வரும் நாளில் எழுந்து நின்று ஓட்டை எண்ணக் கேட்பாரா என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள்.