நாட்காட்டியும் நாட்டுரிமையும்

போலந்து நாட்டில் அயலவர் மூன்றே ஆண்டுகளில் குடியுரிமை பெற்றுவிடுகின்றனர். அதனைப் பத்தாண்டாக்க வேண்டும் என்றொரு முழக்கம் அங்கே எழுந்தது. 2025-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கரோல் நவ்ரோட்ஸ்கியே அதற்கான சட்டத் திருத்தத்தை முன்வைத்தார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் ஆராயுங்கால் நிலைபெறாது.

முதலாவதாக, மூன்று என்னும் கணக்கே மயக்கந் தருவது. 2009-இல் இயற்றப்பட்டு 2012-இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் கூறிய மூன்றாண்டு, வந்திறங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. நிரந்தரவாசத் தகுதி பெற்ற பின்னரே எண்ணப்படுவது. பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி ஒருவர், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நீண்டகாலவாசத் தகுதி பெறவே ஐந்தாண்டுகள் அங்கு முறையாக வாழ்ந்திருத்தல் வேண்டும். ஐந்தும் மூன்றும் எட்டு. மூன்று பத்தானால் எட்டு பதினைந்தாகும். எட்டை மறைத்து மூன்றை மட்டும் காட்டுவது அறமாகுமா?

இரண்டாவதாக, காலம் கழிந்தால் மட்டும் கதவு திறந்துவிடுவதில்லை. நிலையான வருவாய் வேண்டும். குடியிருக்கும் வீட்டிற்குச் சட்டவழி உரிமை வேண்டும். போலிஷ் மொழியறிவுக்குச் சான்றிதழும் வேண்டும். ஏழு வேற்றுமைகளையுடையது அம்மொழி. எட்டு வேற்றுமைகளைக் கற்பிக்கும் தமிழாசிரியர் அதன் அருமையை அறிவர். மொழித் தேர்வை நாம் குறை கூறவில்லை; மொழியை மதிக்கும் நாடு அதனைக் கேட்பதே முறை. ஆனால் தேர்ந்தவரை மேலும் காக்கவைப்பது தண்டனையே.

மூன்றாவதாக, இக்கண்டிப்பு எல்லார்க்கும் பொதுவன்று. பெற்றோரில் ஒருவர் போலந்துக் குடிமகனாயின், பிள்ளை எந்நாட்டில் பிறந்தாலும், ஒரு போலிஷ் சொல்லும் அறியாதிருந்தாலும், பிறப்பிலேயே குடிமகன். குடியரசுத் தலைவரோ, எந்நிபந்தனையுமின்றி எவருக்கும் குடியுரிமை வழங்கலாம். மறுத்தால் காரணம் கூற வேண்டியதில்லை. நைஜீரியாவில் பிறந்த ஒலிசாடெபே 2000-இலும், பிரேசிலில் பிறந்த ரோஜர் குரேரோ 2008-இலும் இவ்வாறே குடியுரிமை பெற்றுத் தேசியக் கால்பந்து அணியில் ஆடினர். பந்தாட வந்தவருக்கு விரையும் கை, செங்கல் சுமக்க வந்தவருக்கு மட்டும் தயங்குவானேன்?

நாட்டுப்பற்று வளரக் காலம் வேண்டுமன்றோ என்பர் சிலர். வேண்டும்தான். ஆயின் அது நாட்காட்டியைப் பார்த்து வளர்வதன்று. போலந்துக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் கான்ராட் 1878-இல் ஆங்கிலக் கப்பலேறினார்; 1886-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். எட்டே ஆண்டுகள்! பின்னர் அவர் ஆங்கில இலக்கியத்திற்கு அளித்த கொடையை உலகறியும். தம் மகனை ஓர் அயல்நாடு ஏற்றதில் பெருமை கொள்வோர், தம் வாயிலில் நிற்கும் அயலவருக்கும் அதே அளவுகோலை நீட்ட வேண்டாமா?

ஒரு நாட்டில் உழைத்து, அதன் மொழியைக் கற்று, அதன் சட்டத்திற்குட்பட்டு வாழ்பவர் கேட்பது பிச்சையன்று, ஈட்டிய உரிமை. அதனைத் தள்ளிப்போடுதல் மறுத்தலுக்கு ஒப்பாகும்.