வலை விலாசமும் மலைக் கிராமமும்

அகத்தியர் மலையடிவாரத்திலுள்ள போனக்காடு போன்ற தோட்டப் பகுதிகளில், ஒவ்வொரு கணினிக்கும் வலை விலாசத்தைக் கையால் பதிய நிபுணர் மலையேற வேண்டுமெனில், இணைப்பு வந்தும் பயனில்லை. இரு கணினிகளுக்கு ஒரே விலாசம் நேர்ந்தால் தொடர்பும் தடைப்படும்.

1993இல் வகுக்கப்பெற்ற டி.எச்.சி.பி. முறை இக்குறையை நீக்குகிறது. கணினி விலாசம் வேண்டுமென வலையெங்கும் அறிவிக்கிறது. சர்வர் ஒன்றை முன்மொழிகிறது. கணினி அதனைக் கோர, சர்வர் குறித்த காலத்துக்குக் குத்தகையாக உறுதி செய்கிறது. பொதுவாக, தவணையில் பாதி கழிந்ததும் கணினியே புதுப்பிக்க முயலும்.

ஆயினும் சர்வரின் சொந்த விலாசம் நிலையாக இருத்தல் வேண்டும். எவரேனும் வேறொரு ரௌட்டரை அனுமதியின்றி இணைத்தால், தவறான விலாசங்கள் பரவக்கூடும். கேரளத்தில் 2023இல் தொடங்கப்பெற்ற கே-ஃபோன் போன்ற திட்டங்களின் ஒளியிழை செல்லுமிடமெல்லாம், இவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பும் உடன் செல்லுதல் அவசியம்.