தீவுகளுக்குப் பொருந்தாத ஆம்புலன்ஸ் கணக்கு

புது தில்லி: ஒரு லட்சம் மக்களுக்கு அடிப்படை உயிர்காப்பு ஆம்புலன்ஸ் ஒன்று, 5 லட்சம் மக்களுக்கு உயர்நிலை உயிர்காப்பு ஆம்புலன்ஸ் ஒன்று. தேசிய சுகாதார இயக்கம் பொதுவாகப் பின்பற்றி வரும் அளவுகோல் இது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இந்த அளவுகோலை அப்படியே பொருத்தினால், யூனியன் பிரதேசம் முழுமைக்கும் உயர்நிலை ஆம்புலன்ஸ் ஒன்றுகூடத் தேறாது.

சமவெளிக்கு வகுத்த கணக்கைக் கடல் நடுவே பொருத்திப் பார்ப்பதன் விளைவு இது. திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் சாலை வழியே 300 கி.மீ.க்கும் அதிகம், இடையில் மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையை வாகனத்தோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும். கிரேட் நிகோபாரின் கேம்பல் பேயோ 500 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. ஹெலிகாப்டர் உண்டு, வானிலை இடம் கொடுத்தால். விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரமே பொன்னானது என்பர் மருத்துவர்கள். இங்கே அது படகுத் துறையிலேயே கழிந்துவிடக்கூடும்.

எனவே, எத்தனை வாகனங்கள் என்பதைவிட, நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பவர் யார் என்பதே முக்கியம். அடிப்படைப் பயிற்சி பெற்ற அவசரகால மருத்துவ உதவியாளர் ரத்தப்போக்கை நிறுத்துவார், பிராணவாயு கொடுப்பார், நின்றுபோன இதயத்தை இயக்க மார்பை அழுத்துவார். அரை மணியில் மருத்துவமனையை எட்டிவிடும் நகரப் பகுதிக்கு அது பெரும்பாலும் போதும். பல மணி நேரப் பயணத்துக்குப் போதாது. இசிஜி பதிவைப் படித்தறியவும், மூச்சுக்குழாய் பொருத்தவும், மருத்துவரின் தொலைபேசி அறிவுரைப்படி நரம்பில் மருந்து செலுத்தவும் உயர் பயிற்சி பெற்ற பாராமெடிக் தேவை. எல்லா வாகனங்களுக்கும் இல்லாவிடினும், திக்லிபூர், ஹட் பே, கார் நிகோபார், கேம்பல் பே ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகளை அனுப்பும் பயணங்களுக்கேனும் அவர்களை நியமித்தாக வேண்டும்.

ஆம்புலன்ஸின் உள்கட்டமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏஐஎஸ்-125 என்ற தரவிதி உள்ளது. பாராமெடிக் பணியை 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் அங்கீகரித்துள்ளது. 2015 முதல் தீவில் மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. தீவு இளைஞர்களையே தேர்ந்தெடுத்து அங்கேயே பயிற்றுவிப்பதற்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

தமிழர்களும் கணிசமாக வாழும் இந்தப் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். நிர்வாகம் மத்திய உள்துறையின் கீழ். ஆகவே, பாராமெடிக் பணியிடங்கள் எத்தனை, அவை எந்தெந்தத் தீவுகளில் என்ற கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான். அதை அந்த ஓர் உறுப்பினரே கேட்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை.