ஒரு நட்சத்திரக் குறி எத்தனை ஆப்ஷனை மாற்றும்?

2019இல் வெளிவந்த மேக் ஓஎஸ் கேட்டலினா முதல், புதிதாக ஆப்பிள் கணினி வாங்கி டெர்மினலைத் திறப்பவருக்கு முதலில் கிடைப்பது இசட்-ஷெல். 1990இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டாட் உருவாக்கியது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் இந்த மென்பொருளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள் இருக்கின்றன.

'செட்ஆப்ட்' என்ற கட்டளையோடு ஆப்ஷனின் பெயரைக் கொடுத்தால் அது ஆன் ஆகிவிடும். கூடவே 'மைனஸ் எம்' சேர்த்தால் முழுப் பெயர்கூட வேண்டாம். 'ஹிஸ்ட்' என்று எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டால், ஹிஸ்ட் என்று தொடங்கும் அத்தனை ஆப்ஷனும் ஒரே நேரத்தில் ஆன் ஆகும். சோதித்துப் பார்க்க அருமையான வசதி. ஆனால், ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடும் தொடக்கக் கோப்பில் இதை எழுதி வைப்பது ஆபத்து.

ஒருவருக்கு வேண்டியது, தட்டிய கட்டளைகளைச் சேமித்து வைக்கும் ஹிஸ்டரியில் ஒரே கட்டளை திரும்பத் திரும்பப் பதியாமல் இருப்பது மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரக் குறியோ பத்துக்கும் மேற்பட்ட ஆப்ஷன்களைச் சேர்த்து அள்ளிவிடும். அவற்றில் ஒன்றின் பெயர் 'ஹிஸ்ட் அலோ கிளாபர்'.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஒரு கட்டளையின் வெளியீட்டை '>' குறி மூலம் கோப்பில் எழுதும்போது, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதிலுள்ளது அழிந்துபோகும். இதைத் தடுக்கவே பலர் 'கிளாபர்' ஆப்ஷனை அணைத்து வைக்கிறார்கள். அப்போது ஷெல், கோப்பு இருக்கிறது என்று சொல்லி எழுத மறுத்துவிடும். 'ஹிஸ்ட் அலோ கிளாபர்' ஆன் ஆகியிருந்தால், அந்தக் கட்டளை ஹிஸ்டரியில் பதியும்போது '>' குறிக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு சேர்ந்துகொள்ளும். தடையை மீறி எழுது என்பதற்கான குறி அது. மேல் அம்புக்குறியைத் தட்டி அந்தக் கட்டளையை மீண்டும் வரவழைத்து என்டர் அழுத்தினால் போதும், பழைய கோப்பு போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நட்சத்திரக் குறியுள்ள சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், நடப்பு ஃபோல்டரில் அப்படித் தொடங்கும் கோப்புகளைத்தான் ஷெல் முதலில் தேடும். ஒன்றும் இல்லையென்றால் பொருந்துவது எதுவும் இல்லை என்று பிழை காட்டும். இருந்தால், கோப்பின் பெயர் கட்டளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாளை வரும் பதிப்பில் ஹிஸ்ட் என்று தொடங்கும் புது ஆப்ஷன் சேர்ந்தால், அதுவும் கேட்காமலே ஆன் ஆகிவிடும்.

ஆகவே, பிறர் பகிர்ந்த தொடக்கக் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் அதில் 'மைனஸ் எம்' இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இருந்தால் 'செட் மைனஸ் ஓ' கொடுத்து எந்தெந்த ஆப்ஷன்கள் ஆன் ஆகியிருக்கின்றன என்று பார்த்து, தேவையான இரண்டு மூன்றை மட்டும் முழுப் பெயரோடு வரிக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறக்கும் இன்னொருவர், ஒவ்வொரு பெயரையும் கையேட்டில் தேடி அதன் வேலையைப் படித்துக்கொள்ள முடியும்.